ஸ்ட்ராபெரி நாற்று நட்ட பிறகு என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி நட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று மாதங்களில் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பழம் பறிக்கும் கட்டத்தைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. நாற்று வேர் பிடித்து, தானாகத் தாக்குப்பிடிக்கும் வரை அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இங்கே விஷயம். ஸ்ட்ராபெரி இளஞ்செடிகள் பெரும்பாலும் பூச்சியாலோ நோயாலோ போவதில்லை. நட்ட ஆழம் தப்பாக இருக்கும், அல்லது தண்ணீர் தப்பாக இருக்கும். இந்த இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவையே.

விதை போட்டு வளர்க்கலாமா, நாற்றுதான் வாங்க வேண்டுமா?

பழத்துக்காக வளர்ப்பதாக இருந்தால் நாற்றே வாங்குங்கள். சாப்பிட்ட பழத்திலிருந்து விதை எடுத்து முளைக்க வைக்க முடியும். ஆனால் அந்தச் செடி தாய்ச்செடியைப் போல இருக்காது. நாம் இன்று வளர்க்கும் ஸ்ட்ராபெரியே ஒரு கலப்பினம். 1714-இல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் ஸ்ட்ராபெரிச் செடிகளை பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அவை அங்கே ஏற்கெனவே இருந்த வட அமெரிக்க இனத்தோடு கலந்து பிறந்ததுதான் இந்தப் பழம். அதற்கு மேலும் பல தலைமுறைக் கலப்பு நடந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு மாதிரி வரும். பழம் சிறுத்தும் புளித்தும் போக வாய்ப்பு அதிகம்.

விதை முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால் மண்ணைப் போட்டு மூடக் கூடாது, மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். அதற்குப் பிறகு பூ வரப் பல மாதம் காத்திருக்க வேண்டும். சிறிய பழம் தரும் ஆல்பைன் வகை மட்டும் விதையிலிருந்து தாய்ச்செடி மாதிரியே வரும். விதைதான் போட வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீல ஸ்ட்ராபெரி விதை என்று படத்தோடு இணையத்தில் விற்கிறார்கள். அப்படி ஒரு பழமே கிடையாது. வாங்காதீர்கள்.

நல்ல நாற்று எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேரும் இலையும் சேரும் இடத்தில் தடிப்பான குட்டைத் தண்டு ஒன்று இருக்கும். இதைத் தோட்டக்காரர்கள் கிரவுன் என்பார்கள். செடியின் உயிர் அங்கேதான். அது பென்சில் பருமனாவது இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். நடுவில் புதுக்குருத்து ஒன்று மடிந்த நிலையில் வெளியே வந்துகொண்டிருந்தால் நல்லது. வேர் வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கலாம். கறுத்து, தொட்டால் தோல் உரிந்து வந்தால் வேண்டாம். இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள்.

பழம் தொங்கிக்கொண்டிருக்கும் நாற்று பார்க்க அழகாக இருக்கும். நான் அதை எடுக்க மாட்டேன். சின்னப் பையில் நின்றுகொண்டு பழம் காய்த்த செடி ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும். பக்கத்தில் பூவே இல்லாமல் நான்கைந்து இலையோடு நிற்பதை எடுத்தால் வேர் சீக்கிரம் பிடிக்கும்.

வாங்கி வந்த அன்றே நடலாமா?

மண்ணோடு பையில் இருந்தால் இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, புது இடத்துக்குப் பழகிய பிறகு நடலாம். மண் இல்லாமல் வெறும் வேராக வந்தால் தாமதிக்கக் கூடாது. வேரை மட்டும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து அன்றே நட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் வேர் மூச்சுத் திணறிவிடும். எதுவானாலும் சாயங்காலம் நடுவது நல்லது.

எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும்?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமான கேள்வி இதுதான். வேர் முழுவதும் மண்ணுக்குள்ளே, குருத்து முழுவதும் மண்ணுக்கு வெளியே. கிரவுனின் நடுப்பகுதி மண் மட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும்.

ஆழமாகப் புதைத்தால் குருத்தின் இடுக்கில் மண்ணும் ஈரமும் சேர்ந்து அழுகிவிடும். மேலாக நட்டால் கிரவுனிலிருந்து புதிதாகக் கிளம்பும் வேர்கள் மண்ணைத் தொடாமலே காய்ந்துவிடும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்தான்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். குழியின் நடுவில் மண்ணைச் சின்ன மேடாகக் குவியுங்கள். வெறும் வேர் நாற்றாக இருந்தால் வேர்களை அந்த மேட்டைச் சுற்றி நாலாபக்கமும் விரித்து விடுங்கள். 15 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் நுனியைக் கத்தரித்துவிடலாம். நீளமான வேரை மடக்கிச் சொருகுவதைவிட அது மேல். மண்ணைத் தள்ளி, இரண்டு கையாலும் சுற்றி அழுத்தி, தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இறங்கியதும் மண் கொஞ்சம் அமுங்கும், செடியும் சேர்ந்து இறங்கிவிடும். அதனால் ஊற்றி முடித்த பிறகு கட்டாயம் மறுபடி பாருங்கள். குருத்தின் மேல் மண் படிந்திருந்தால் விரல் நுனியால் தள்ளிவிடுங்கள், செடி ரொம்ப இறங்கியிருந்தால் லேசாகத் தூக்கிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பதும் நல்லது. கனமழை பெய்த மறுநாளும் பாருங்கள், மண் தெறித்துக் குருத்தை மூடியிருக்கும்.

தரையில் நட்டால் செடிக்குச் செடி 30 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இளஞ்செடியாக இருக்கும்போது இடம் வீணாவது போலத் தெரியும். வளர்ந்த பிறகு காற்றோட்டத்துக்கு அந்த இடம் வேண்டும்.

மண் எப்படி இருக்க வேண்டும்?

தண்ணீர் தேங்கக் கூடாது, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டும். ஸ்ட்ராபெரி வேரில் பெரும்பகுதி மேல் 15 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கும். ஆகவே ஆழமாகத் தோண்டுவதைவிட மேல்மண்ணைப் பொலபொலப்பாக்குவதில் கவனம் வையுங்கள். களிமண்ணாக இருந்தால் மேட்டுப்பாத்தி போடுங்கள்.

பிஹெச் அளவு 5.5 முதல் 6.5 வரை, அதாவது லேசான அமிலத்தன்மை, இதற்குப் பிடிக்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் வைத்தால் இளம் இலை வெளுத்துவிடும். தொட்டிக்கு என்றால் தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம், மண் மூன்றும் சம பங்கு எடுத்து, கொஞ்சம் பெர்லைட்டோ கரடுமுரடான மணலோ சேர்க்கலாம். நார்க்கழிவை முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும், ஸ்ட்ராபெரி உப்பைத் தாங்காத செடி. மக்காத சாணமும் வேண்டாம்.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

ஒரு செடிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலமும் குறைந்தது 20 சென்டிமீட்டர் ஆழமும் போதும். அடியில் ஓட்டைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். கறுப்புத் தொட்டி வெயிலில் சூடேறி வேரைச் சுட்டுவிடும், வெளிர்நிறம் நல்லது. தொங்குதொட்டி பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். தினமும் பார்க்க முடிந்தால் மட்டும் வையுங்கள்.

எவ்வளவு வெயில் வேண்டும்?

ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம். ஆனால் நட்ட முதல் வாரம் நிழல்வலையின் கீழே வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்ட்ராபெரிக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை சுகமான வெப்பநிலை. 30 டிகிரியைத் தாண்டினால் பூ மொட்டு உருவாவது குறைந்து போகும், வேரும் சோர்ந்துவிடும். வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் காலை வெயில் விழுந்து பிற்பகல் நிழல் வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நடுவதையும் குளிர்காலம் தொடங்கும் சமயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடை முழுக்கச் செடி இலையோடு மட்டும் நின்றால் அது குறையல்ல, உயிரோடு கடந்தாலே போதும்.

தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

நாள்கணக்கு பார்க்காமல் மண்ணைப் பாருங்கள். விரலை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நட்ட முதல் இரண்டு வாரம் மட்டும் மேல்மண் காயவே விடக் கூடாது. அப்போது வேர் சின்னது, எட்டிப் போய்க் குடிக்க முடியாது. வேர் பிடித்த பிறகு தரையில் இருக்கும் செடிக்கு வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான தண்ணீர் போதும். தொட்டிச் செடிக்கு வெயில் காலத்தில் தினமும்கூடத் தேவைப்படும்.

காலையில், வேர்ப்பக்கமாக, மெதுவாக ஊற்றுங்கள். பூவாளியால் தலையோடு குளிப்பாட்டினால் குருத்துக்குள் தண்ணீர் நிற்கும், இலை நனைந்தே இருந்தால் பூஞ்சை வரும்.

மத்தியான வெயிலில் இலை துவண்டதும் பதறி ஊற்றுபவர்கள் நிறைய. பொறுங்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் அது வெறும் வெயில் களைப்பு. காலையிலும் துவண்டே இருந்தால்தான் பிரச்சினை. அப்போதும் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டிருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் போய்விடும்.

காலையில் இலை ஓரத்தில் வரிசையாகத் தண்ணீர்த் துளி நிற்கிறது. இது நோயா?

இல்லை, சந்தோஷப்படுங்கள். ஸ்ட்ராபெரி இலையின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு துளி, தவறாமல் ஒன்று, அளவெடுத்து வைத்தது போல நிற்கும். பனித்துளியாக இருந்தால் இலை முழுவதும் பரவியிருக்கும். இது இரவில் வேர் உறிஞ்சிய தண்ணீர் மேலே தள்ளப்பட்டு, இலை ஓரத்தில் இருக்கும் நுண்துளைகள் வழியே வெளியே வந்தது. வேர் வேலை செய்கிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. நட்ட பத்துப் பதினைந்து நாளில் இதைப் பார்த்தால் செடி பிடித்துவிட்டது என்று நம்பலாம்.

முதலில் வரும் பூவைக் கிள்ள வேண்டும் என்கிறார்களே, மனசு வரவில்லை. கட்டாயமா?

கட்டாயம் என்றே சொல்வேன். இளஞ்செடிக்கு வேரும் இலையும் குறைவு. அந்த நேரத்தில் பூ பழமாக மாறத் தொடங்கினால், தயாராகும் சர்க்கரையெல்லாம் பழத்துக்குப் போகும், வேர் அப்படியே நின்றுவிடும். கிடைப்பது இரண்டு மூன்று சின்னப் பழம், இழப்பது அந்தப் பருவத்தின் மொத்த விளைச்சல்.

எத்தனை நாள் கிள்ளுவது என்பது வகையைப் பொறுத்தது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து பூக்கும் வகையாக இருந்தால் நட்ட முதல் ஆறு வாரம் கிள்ளினால் போதும், பிறகு விட்டுவிடலாம். பகல் குறையும் காலத்தில் மொட்டு கட்டி, வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் காய்க்கும் வகையை வசந்தத்தில் நட்டிருந்தால் முதல் வருடப் பூ முழுவதையும் எடுத்துவிடுவது வழக்கம். அதையே குளிர் தொடங்கும்போது நட்டு ஒரு பருவத்தோடு முடித்துக்கொள்பவர்கள் அவ்வளவு கடுமையாக இருக்க வேண்டியதில்லை. முதலில் வரும் ஒன்றிரண்டு பூங்கொத்தை மட்டும் எடுத்தால் போதும். எந்த வகை என்றே தெரியவில்லை என்றால் இலைகளை எண்ணுங்கள். நன்றாக விரிந்த இலை ஏழெட்டு வரும் வரை கிள்ளுங்கள். அளவுகோல் துல்லியமானதல்ல, ஆனால் வேலைக்கு ஆகும்.

பிய்த்து இழுக்காமல், பூக்காம்பின் அடியில் நகத்தாலோ கத்தரியாலோ துண்டியுங்கள். இழுத்தால் குருத்தும் கூட வந்துவிடும்.

செடியிலிருந்து நீளமாக ஒரு தண்டு ஓடுகிறதே?

அது ஓடுதண்டு. அதன் கணுவில் குட்டிச்செடி உருவாகும். முதல் பருவத்தில் வெட்டிவிடுங்கள், பூவைக் கிள்ளும் அதே காரணம்தான். தாய்ச்செடி நன்றாக வளர்ந்த பிறகு புதுச் செடி வேண்டும் என்றால் ஒன்றிரண்டை விடலாம். குட்டியை வெட்டாமல், பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியில் மண் நிரப்பி அதன் மேல் உட்கார வைத்து, வளைத்த கம்பியால் லேசாக அமுக்கிவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடித்துவிடும், பிறகு தண்டைத் துண்டிக்கலாம். தாய்க்கு இலை சுருங்கி, மஞ்சள் படர்ந்து வைரஸ் அறிகுறி இருந்தால் அதன் குட்டி வேண்டவே வேண்டாம். நோயும் சேர்ந்தே வரும்.

உரம் எப்போது, எவ்வளவு?

நட்டதும் வேண்டாம். மண் கலவையில் மக்கிய உரம் இருந்தால் முதல் மூன்று வாரம் அதுவே போதும். புது இலை இரண்டு மூன்று வந்த பிறகு, திரவ உரத்தை டப்பாவில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊற்றலாம். மண்புழு உரம் ஒரு கைப்பிடி மாதம் ஒரு முறை போடுவதும் நல்லது. எதைப் போட்டாலும் கிரவுனை ஒட்டிப் போடாமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

தழைச்சத்து அதிகமானால் செடி கருகருவென்று தழைத்து நிற்கும், அசுவினி வரும், பூ வராது. பூக்கத் தொடங்கியதும் சாம்பல்சத்து கூடுதலாக உள்ள உரத்துக்கு மாறுங்கள்.

இலை நிறம் மாறுகிறது. என்ன குறை என்று எப்படித் தெரியும்?

எந்த இலை, எந்த இடம் என்று பாருங்கள். அடியில் இருக்கும் பழைய இலை ஒன்றிரண்டு சிவந்து காய்ந்தால் அது வயது, கிள்ளி எடுத்துவிடுங்கள். அடி இலைகள் பலவும் ஒரே சமயத்தில் வெளிறி மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மை அதைக் கட்டிப்போட்டிருக்கும். அதற்கு உரத்தைக் கூட்டினால் பயனில்லை, பிஹெச் அளவைச் சரி செய்ய வேண்டும். இலை ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகினால் உப்பு சேர்ந்திருக்கிறது, அல்லது உரம் அதிகம். தொட்டியாக இருந்தால் அடியில் தாராளமாக வழியும் வரை நல்ல தண்ணீரை ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள்.

என்ன பூச்சிகள் வரும்?

அதிகம் தொல்லை தருவது செஞ்சிலந்தி. வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் வந்துவிடும். இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியது போல வெளிர்புள்ளிகள் தெரியும். அப்போது ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நகர்ந்தால் அது தூசியில்லை. ஆரம்பத்தில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே குறைந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, காலை வேளையில் அடியுங்கள், இலை சீக்கிரம் உலர வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலை சாயங்காலம் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும், விரிந்த பூவின் மேல் தெளித்தால் தேனீக்குக் கெடுதல்.

அசுவினி குருத்தில் கூட்டமாக உட்காரும். விரலால் நசுக்கினாலும் போதும், சோப்புக் கரைசலும் கேட்கும். நத்தையை இரவில் டார்ச் வெளிச்சத்தில் பொறுக்கி எடுப்பதுதான் சிறந்த வழி. எல்லாம் சரியாக இருந்தும் செடி திடீரென்று சாய்ந்தால், லேசாக இழுத்துப் பாருங்கள். வேரில்லாமல் கையோடு வந்தால் மண்ணில் வேர்ப்புழு இருக்கிறது. அக்கம்பக்கத்து மண்ணைக் கிளறி, வளைந்த வெள்ளைப் புழுவைத் தேடி எடுங்கள்.

பூஞ்சை நோய் வந்தால் செடி பிழைக்குமா?

எந்த நோய் என்பதைப் பொறுத்தது. இலையில் நடு வெளுத்து ஊதா வளையத்தோடு வட்டப் புள்ளிகள் வந்தால் அது இலைப்புள்ளி நோய். அந்த இலைகளை எடுத்துவிட்டு, தலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது சாம்பல்நோய். இலை நனையாமலே வரும். காற்றோட்டம் கொடுங்கள், தேவைப்பட்டால் கந்தகப் பொடிக் கரைசல் தெளிக்கலாம். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போது கந்தகம் வேண்டாம், வேப்பெண்ணெய் தெளித்த அடுத்த இரண்டு வாரத்துக்கும் வேண்டாம்.

கிரவுன் அழுகல் வந்தால் மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள். நடுக்குருத்து முதலில் வாடும், பிடித்து இழுத்தால் எளிதாகக் கழன்றுவிடும். சந்தேகமாக இருந்தால் அந்தச் செடியைப் பிடுங்கி, கிரவுனை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். நல்ல கிரவுன் உள்ளே வெள்ளையாக இருக்கும். செம்பழுப்பாக இருந்தால் மண்ணோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள்.

மூடாக்கு போடலாமா?

தாராளமாக. வைக்கோலோ காய்ந்த இலையோ மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்புங்கள். ஈரம் நிற்கும், களை குறையும், மழையில் மண் தெறிக்காது. குருத்தைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள்.

குளிரில் பாதுகாப்பு வேண்டுமா?

சாதாரணக் குளிர் நல்லதுதான். உறைபனி விழும் இடத்தில் இலை தாங்கும், பூ தாங்காது. பூவின் நடு மஞ்சள் கறுத்திருந்தால் அது பழமாகாது. பனி எதிர்பார்க்கும் இரவில் துணி போர்த்திக் காலையில் எடுத்துவிடுங்கள்.

இப்போது பூவை விட்டுவிட்டேன். பழம் கோணல்மாணலாக வருகிறது, ஏன்?

மகரந்தச் சேர்க்கை முழுமையாக நடக்கவில்லை. பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் விதை போன்றவை ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு தனிக் கனி, ஒரு பழத்தில் 200 வரை இருக்கும். மகரந்தம் சேர்ந்த விதைதான் தன்னைச் சுற்றியுள்ள சதையை வீங்க வைக்கும் ஹார்மோனைத் தரும். சேராத பக்கம் அப்படியே ஒடுங்கிப் போகும். கோணலான பழத்தை உற்றுப் பாருங்கள். ஒடுங்கிய பக்கத்தில் விதைகள் சிறுத்து நெருக்கமாக இருப்பது தெரியும். தேனீ வராத மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ வளர்ப்பவர்கள், மென்மையான தூரிகையால் பூவின் ஓரத்திலிருந்து நடு மேட்டை நோக்கிச் சுற்றித் தடவிவிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல், பூ உலர்ந்திருக்கும்போது, ஒரே பூவுக்கு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். பூ பழமாகச் சுமார் ஒரு மாதம் ஆகும்.

ஒரு செடி எத்தனை வருடம் இருக்கும்? அதே இடத்தில் மறுபடி நடலாமா?

மூன்று நான்கு வருடம் இருக்கும், ஆனால் மூன்றாவது வருடத்திலிருந்தே பழம் சிறுக்கும். அதற்குள் குட்டிச்செடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதியதை வேறு இடத்தில் நடுங்கள். தக்காளி, கத்திரி, மிளகாய், உருளைக்கிழங்கு வளர்ந்த இடத்திலும் மூன்று நான்கு வருடத்துக்கு ஸ்ட்ராபெரி வேண்டாம், அவற்றுக்கு வரும் வெர்ட்டிசிலியம் வாடல்நோய் மண்ணில் தங்கியிருந்து இதையும் பிடிக்கும். தொட்டியில் வளர்ப்பவர்கள் பழைய கலவையைக் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, புதுக் கலவை நிரப்பினால் போதும்.